ஜப்பானில் தெருவில் சாப்பிடலாமா, கூடாதா?

கேள்வி (ஒரு வாசகர், 2024 அக்டோபர் 12)

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா, முடிந்தால் நாரா. தெருவில் சாப்பிட்டால் ஜப்பானியர்கள் முகம் சுளிப்பார்கள், அபராதம்கூடப் போடுவார்கள் என்கிறார் ஒருவர். தெரு முழுக்கத் தின்பண்டக் கடைதான், கவலையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? கூட வரும் என் மாமியார் சைவம். பையனுக்கு ஆறு வயது, பசி தாங்கமாட்டான்.

2024 அக்டோபர் 12, இரவு

தாராளமாகச் சாப்பிடலாம். தெருவில் நின்று சாப்பிடுவதை இங்கே யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. நடந்தபடி சாப்பிடுவதைத்தான் பல இடங்களில் விரும்புவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டு ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். வாங்கிய கடையின் முன்னாலேயே, அல்லது கடைக்காரர் கைகாட்டும் ஓரத்தில் நின்று சாப்பிட்டு முடியுங்கள். குச்சியையும் தட்டையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அபராதத்துக்குப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள்.

2024 அக்டோபர் 13

நேற்று அவசரமாக எழுதியதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

அபராதம் என்ற புரளி டோக்கியோவுக்கு அருகிலுள்ள கமகுரா நகரத்திலிருந்து கிளம்பியிருக்கலாம். அந்த நகராட்சி, பொது இடங்களில் பிறருக்குத் தொல்லை தரும் நடத்தைகளைப் பற்றி ஒரு விதி இயற்றி, அது 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டமான, குறுகலான இடத்தில் நடந்தபடி சாப்பிட்டு அடுத்தவர் உடையை அழுக்காக்கும்படி நடந்துகொள்வதும் அதில் அடக்கம். ஆனால் அந்த விதியில் தண்டனையே கிடையாது. தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வதோடு சரி. ரயில் நிலையத்திலிருந்து சுருகஓகா ஹச்சிமான் கோயில் பக்கம் போகும் கொமாச்சித் தெருவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோளோடு தோள் உரசாமல் அங்கே நகர முடியாது.

கியோத்தோவின் நிஷிகிச் சந்தையும் நடந்தபடி சாப்பிட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறது. நீளம் சுமார் 390 மீட்டர். அகலமோ மூன்று மீட்டருக்குச் சற்று மேலே தொடங்கி, மிஞ்சிப்போனால் ஐந்து மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். ஊறுகாயும் மீனும் தோஃபுவும் வாங்க உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாக வந்துபோகும் இடம் அது.

அம்மா இங்கே வந்திருந்தபோது நிஷிகிக்குக் கூட்டிப்போனேன். அன்று பட்டுச்சேலை கட்டியிருந்தார். எதிரே ஓர் இளைஞர், பாகு சொட்டும் தாங்கோ (அரிசிமா உருண்டை) குச்சியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி, கண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் காதில் வாங்காமல் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கிவிட்டார். "பட்டில் பாகு பட்டால் போகுமா?" என்று மட்டும் கேட்டார். சந்தையின் வேண்டுகோளுக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை. கியோத்தோத் தெருக்களில் வாடகைக்குக் கிமோனோ எடுத்து உடுத்தி நடக்கும் பெண்கள் ஏராளம். அவர்களுக்கும் இதே கவலைதான். குச்சி முனை சின்னக் குழந்தைகளின் கண் உயரத்தில் வருகிறது என்பது தனி.

2024 அக்டோபர் 14

சின்ன விஷயம், விட்டுப்போனது. காசைக் கடைக்காரர் கையில் திணிக்காதீர்கள். பெரும்பாலான கடைகளில் சிறு தட்டு இருக்கும், அதில் வையுங்கள். மீதியும் அதில்தான் வரும். மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னால் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். தெருக் கடைகளுக்குச் சில்லறை யென் கையில் இருப்பது நல்லது.

2024 அக்டோபர் 16

"அவர்கள் மட்டும் நடந்துகொண்டே சாப்பிடவில்லையா, நமக்கு மட்டும் ஏன் பாடம்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

சாப்பிடுகிறார்கள். டோக்கியோ ஹராஜுகுவின் தகேஷிதாத் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கிரேப் என்ற மெல்லிய இனிப்புத் தோசையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்க்கலாம். கோடையில் கூம்பு ஐஸ்கிரீமோடு நடக்காத ஊர் கிடையாது. கோயில் திருவிழாவில் யாக்கிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ், சீவிய ஐஸ், பாகில் முக்கிய ஆப்பிள் எல்லாம் கையிலேயே போகும். இசே பெருங்கோயிலின் வாசலில் 1993-இல் திறந்த ஒகாகே யோகோச்சோ என்ற கடைத்தெருவில், நடந்து நடந்து தின்பதற்கென்றே பண்டங்கள் செய்து விற்கிறார்கள். ஆகவே 'வாங்கிய இடத்திலேயே' என்று நான் முதல் நாள் எழுதியது எல்லாத் தெருவுக்கும் பொதுவான சட்டம் அல்ல. நெருக்கமான சந்தையிலும் பழைய கடைத்தெருவிலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவிழாவிலும் அகலமான தெருவிலும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

நின்று தின்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. இன்று உலகம் முழுக்க மரியாதையாகச் சாப்பிடும் கையடக்க சுஷி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) தெருக்கடைகளில் நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு போகும் அவசரச் சாப்பாடாக இருந்தது. தெம்புராவும் அப்படித்தான், குச்சியில் குத்தித் தெருவில் விற்றார்கள். ரயில் நிலையங்களில் இன்றைக்கும் நாற்காலியே இல்லாத சோபா நூடுல்ஸ் கடைகள் இருக்கின்றன. கோட்டும் டையும் போட்டவர்கள் நின்றபடி உறிஞ்சிவிட்டுப் போகிறார்கள்.

கமகுரா விதி பற்றியும் ஒரு வார்த்தை. அது வெளிநாட்டவருக்கென்று எழுதியது அல்ல, உள்ளூராருக்கும் சேர்த்துத்தான். டோக்கியோவிலிருந்து ஒருநாள் பயணமாக வரும் ஜப்பானியர்கள்தான் அங்கே ஏகப்பட்ட பேர்.

2024 அக்டோபர் 20

குப்பை. உண்மையில் சாப்பிடுவதைவிட இதுதான் உங்களைப் பாடாய்ப்படுத்தும்.

தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பொது இடங்களில் இருந்த தொட்டிகளை எடுத்தார்கள். பல இடங்களில் அவை திரும்ப வரவேயில்லை. பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வட்ட ஓட்டையோடு ஒரு பெட்டி இருக்கும். அது காலிப் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் மட்டும். அதற்குள் தகோயாகி (ஆக்டோபஸ் உருண்டை) தட்டை மடக்கித் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யாரோ ஒருவர் அதைக் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. 24 மணிநேரக் கடைகளில் தொட்டி உண்டு, பெரும்பாலும் கடைக்கு உள்ளே. அது அங்கே வாங்கியவற்றுக்கு. ஷிங்கான்சென் அதிவேக ரயிலின் நடைமேடைகளில் தொட்டிகள் இருக்கின்றன. டோக்கியோவின் ஒமோதேசாந்தோ போன்ற சில தெருக்களில், வெயிலில் ஓடி உள்ளேயே குப்பையை நசுக்கும் தொட்டிகளை 2020-இலிருந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தெருக்கடையில் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. தக்காயாமா என்ற மலையூரில் மியா ஆற்றங்கரைக் காலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கோக் கடை. அரிசிமா உருண்டைகள் ஐந்தைக் குச்சியில் கோத்து, சோயாவைத் தடவித் தடவிக் கரியடுப்பில் வாட்டுகிறார் ஒரு பாட்டி. அந்த ஊரில் இனிப்புப் பாகு போடுவதில்லை, சோயா மட்டும்தான். விளிம்பு லேசாகக் கருகும்போது வரும் வாசனைக்கு எதிர்ச்சாரியில் போகிறவர்களும் நின்றுவிடுகிறார்கள். குச்சியைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமர்த்திக் காட்டினார், இங்கேயே நில் என்பதுபோல. அடுப்புக்கு இடப்பக்கம் இரண்டு பேர் நிற்கும் அளவு இடம். அங்கே ஓர் ஆணியில் ஈரத்துணி. கீழே பழைய தகர டப்பா ஒன்று, அதில் எனக்கு முன்னால் தின்றவர்களின் குச்சிகள் நெட்டுக்குத்தலாக நின்றன. சாப்பிட்டுவிட்டு என் குச்சியையும் அதில் செருகிக் கும்பிட்டேன். அவரும் தலை தாழ்த்தினார். எனக்கு ஜப்பானிய மொழி பேச வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துக் கடைக் குப்பையை இந்தக் கடைக்காரரிடம் நீட்டாதீர்கள். அது மட்டும் ஆகாது.

2024 அக்டோபர் 21

நாரா போகிறீர்கள் என்பதால் இது. அங்கே மான்கள் பூங்காவில் சுதந்திரமாகத் திரியும், உணவு வாசனையுள்ள பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். 2019-இல் இறந்த மான்களின் வயிற்றில் கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் கட்டியாகத் திரண்டிருந்ததைக் கண்டு ஊரே அதிர்ந்தது. தொட்டி இருந்தால் மான் கிளறிவிடும் என்றுதான் பூங்காவில் பல காலம் தொட்டியே வைக்காமல் இருந்தார்கள். மானுக்கென்று விற்கும் செம்பே பிஸ்கட்டுகளைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைகூட மான் தின்றாலும் கெடுதல் இல்லாதது. நாம் தின்பதை மானுக்குத் தரக்கூடாது. பூங்காவுக்குள் எதையும் பிரித்துச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது. மான் பையைப் பிடித்து இழுக்கும், பையன் பயந்து எல்லாவற்றையும் கீழே போடுவான், உறை பறக்கும். மியாஜிமாத் தீவிலும் மான் உண்டு, இதே கவனம் தேவை.

ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள். 2020 ஜூலையிலிருந்து கடைகளில் பை காசுக்குத்தான்.

2024 அக்டோபர் 27

ஆறு வயதுப் பையனும் ரயிலும். மறந்துபோகவில்லை.

ஷிங்கான்செனில் சாப்பிடலாம். சாப்பிடத்தான் வேண்டும் என்பேன். நிலையத்தில் எகிபென் பெட்டிச்சோறு வாங்கி, வண்டி நகர்ந்ததும் மடக்குமேசையை விரித்துத் திறப்பது இந்த நாட்டுப் பயணத்தின் பாதி சந்தோஷம். ஆவி பறக்கும் இறைச்சி பன் மாதிரி மூடிய பெட்டி முழுக்க மணக்கும் பண்டத்தை மட்டும் தவிர்க்கலாம். ஜப்பானியர்களுக்குள்ளேயே இதுபற்றி ஓயாத வாக்குவாதம் உண்டு.

நகரத்து ரயிலில் வேறு கதை. பெட்டியின் நீளத்துக்குச் சுவரோரம் இருக்கை போட்டிருந்தால், அதாவது எதிரெதிரே முகம் பார்த்து உட்காரும்படி இருந்தால், சாப்பிடாதீர்கள். தண்ணீர் குடிக்கலாம். ஊருக்கு வெளியே நீண்ட தூரம் போகும் வண்டியில் நான்கு பேர் கூடி உட்காரும் இருக்கைகள் இருக்கும், அங்கே சோற்றுருண்டை சாப்பிடுபவர்களைப் பார்க்கலாம். இருக்கையைப் பார்த்தே தீர்மானிப்பதுதான் இங்கே வழக்கம்.

பையன் நகர ரயிலில் பசி என்று அழுதால்? அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து ஓர் ஓனிகிரிச் சோற்றுருண்டையைக் கொடுங்கள். அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும். குழந்தை பசியில் அழுவதைப் பார்த்துக்கொண்டு விதி பேசுகிறவர்களை நான் இங்கே பார்த்ததில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ, சின்னப் பிள்ளை வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தாலோ யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். உதிரும் பண்டமும் ஒழுகும் பண்டமும்தான் வேண்டாம்.

2024 நவம்பர் 2

மாமியாருக்காக இந்தக் குறிப்பு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர் ஒருவர் கூட்டத்தில் வெறுங்கையோடு நிற்க, மற்றவர்கள் தின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீனில் இல்லை, தாஷி என்ற சாற்றில் இருக்கிறது. கடற்பாசியும், கத்சுவோபுஷி என்கிற உலர்ந்த சூரைமீன் சீவலும் சேர்த்து இறக்கும் சாறு. நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய சொந்தம் அது. காய்கறி மட்டும் மிதக்கும் குழம்பிலும் அடியில் அது இருக்கும். தகோயாகியில் ஆக்டோபஸை எடுத்துவிட்டால் சைவம் ஆகிவிடாது, மாவையே தாஷியில்தான் கரைக்கிறார்கள். ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையும் அப்படித்தான். யாக்கிசோபாவில் பொதுவாகப் பன்றி இறைச்சி இருக்கும்.

அவருக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் யாக்கி இமோ, சூட்டில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. எதுவும் சேர்ப்பதில்லை. நவம்பரில் போகிறீர்கள், சரியான பருவம். சிறு வண்டி ஒன்று இழுத்து இழுத்துப் பாடியபடி தெருவுக்குள் வந்தால் அதுதான். பெரிய கடைகளின் வாசலிலும் சூடாக வைத்திருப்பார்கள். தாளில் சுற்றித் தருவார்கள். பிட்டால் உள்ளே தேன் நிறத்தில் இளகி நிற்கும், ஆவி முகத்தில் அடிக்கும். தோலை அதே தாளில் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வறுத்த கஷ்கொட்டை உண்டு. அரிசிமாவுக்குள் இனிப்புப் பயறு வைத்த தைஃபுக்கு உண்டு. நான் சொன்ன சோயாத் தாங்கோ உண்டு. மலைப்பக்கம் போனால் கோஹே மோச்சி, அதாவது மசித்த சோற்றைத் தட்டிப் பலகைக்குச்சியில் பிடித்து, வால்நட்டும் மிசோ என்ற சோயா விழுதும் அரைத்த கலவையைப் பூசிச் சுட்டது. தையாகி என்ற மீன் வடிவ இனிப்பின் மாவில் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்கள் தின்னும் செம்பே அரிசி பிஸ்கட்டில் இறால் போட்டதும் உண்டு, சோயா மட்டும் தடவியதும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

அடுப்பும் கம்பியும் மீனுக்கும் கிழங்குக்கும் ஒன்றாக இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்வாரா என்பதைக் கிளம்பும் முன்னே அவரிடமே பேசிவிடுங்கள். கடை வாசலில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது அந்தப் பஞ்சாயத்தைத் தொடங்கினால் அவருக்கும் சங்கடம், கடைக்காரருக்கும் சங்கடம். 'இறைச்சி, மீன், மீன் சாறு சாப்பிடமாட்டேன்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நீட்டினால் படித்துவிட்டு, முடியும் என்றால் தலையசைப்பார்கள், முடியாது என்றால் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டுவார்கள். அந்தக் குறியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன் சாற்றை மறைத்து விற்காமல் நேர்மையாகச் சொல்கிறார்களே என்று எனக்கு அது ஒவ்வொரு முறையும் பிடித்திருக்கிறது.

2024 நவம்பர் 3

ஒரே பண்டத்துக்கு இரண்டு விலை ஏன் என்று கேட்டவருக்கு: 2019 அக்டோபர் 1 முதல் நுகர்வு வரி இரண்டு விதம். எடுத்துப்போனால் 8 சதவீதம், கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். நாற்காலியும் மேசையும் போட்டிருக்கும் தெருக்கடையிலும் உட்கார்ந்தால் 10தான். எடுத்துப்போகிறேன் என்று சொல்லி வாங்கிவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்வது சரியல்ல. மிச்சமாவது சில யென். சொன்னதைச் செய்யுங்கள்.

2024 நவம்பர் 17

கமகுராவில் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, இது மனிதர்களிடமிருந்து அல்ல. யுயிகஹாமாவிலும் பக்கத்து எனோஷிமாவிலும் கள்ளப்பருந்துகள் வட்டமிடும். கையில் உள்ளதைப் பிடுங்கிப்போகும். முன்னாலிருந்து வந்தால் தெரியும்; அவை பின்னாலிருந்து, தோளை ஒட்டி வரும். ஒரு பள்ளிச் சிறுவன் பொட்டலத்திலிருந்து ரொட்டியை வெளியே எடுத்த அதே நொடியில், சிறகு ஒன்று காதருகே படபடத்தது. ரொட்டி போயிற்று. சிறுவன் காலியான கையை இன்னும் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவன் நண்பர்கள் மணலில் உருண்டு சிரித்தார்கள், கடைசியில் அவனும் சிரித்தான். காயம் ஏதும் படவில்லை, ஆனால் நகம் கீறிவிடும் அபாயம் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. கூரைக்கு அடியில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி நின்று சாப்பிடுங்கள். நின்று சாப்பிடுங்கள் என்ற கட்சிக்குப் பருந்தும் ஆதரவு.

2024 நவம்பர் 24

இதுவரை எழுதியதை மறுபடி படித்தேன். எல்லாப் பொறுப்பையும் பயணிகளின் தலையிலேயே வைத்துவிட்டதுபோல இருக்கிறது. அது நியாயம் இல்லை.

குறுகலான சந்தையில் எதை எடுத்தாலும் குச்சியில் குத்தி விற்கிறார்கள். ஸ்ட்ராபெரி குச்சியில், இறைச்சி குச்சியில், தலைக்குள் காடை முட்டை வைத்த குட்டி ஆக்டோபஸும் குச்சியில். கையில் கொடுத்துவிட்டு, நிற்க ஓர் அடி இடமும் காட்டாமல், 'நடந்தபடி சாப்பிடாதீர்' என்று பலகை மட்டும் மாட்டினால் வாங்கியவர் எங்கே போவார்? குச்சியில் விற்கிறவர் நிற்க இடமும் குச்சியைப் போட டப்பாவும் தர வேண்டும். பல கடைகள் இதை அழகாகச் செய்கின்றன. உள்ளே ஒரு பலகையைப் போட்டு, நான்கு பேர் நிற்க இடம் ஒதுக்கி, துடைக்க ஈரத்தாளும் வைக்கின்றன. உங்கள் காசை அந்தக் கடைகளுக்குக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். வாங்குவதற்கு முன் நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கடை.

மறுபக்கமும் உண்டு. ஊறுகாயும் உலர்மீனும் விற்கும் பழைய கடைகளுக்கு வழக்கமாக வந்துபோன உள்ளூர்ப் பெண்கள் இந்தக் கூட்டத்துக்குள் கூடையோடு நுழைய முடியாமல் வராமலே போகிறார்கள். அந்தக் கடை வாசலை மறித்துக்கொண்டு, வேறு கடையில் வாங்கியதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். சாப்பிடுவது ஒரு நிமிடம், படம் எடுப்பது ஐந்து நிமிடம். ஒரு கடையில் வாங்கியதோடு இன்னொரு கடைக்குள் போவதும் கூடாது.

நம் ஆட்கள் சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். நடந்தபடி சாப்பிடும் யாராவது ஒரு பயணியின் முகத்தைப் படம் பிடித்து, 'நாகரிகம் தெரியாதவர்கள்' என்று ஊர் முழுக்கப் பரப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் போய், அந்த ஓரத்தில் நின்று சாப்பிடலாம் என்று கைகாட்டினால் போதும். தக்காயாமாப் பாட்டி என்னிடம் செய்தது அதுதான்.

2024 டிசம்பர் 8

ஃபுகுவோகா யாதாய் பற்றிக் கேட்டவருக்கு. இது வேறு வகை, உட்கார்ந்து சாப்பிடும் தெருக்கடை. மாலையில் நடைபாதையில் முளைத்து விடியும் முன் காணாமல் போகும். நகராட்சி 2013-இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்து ஒழுங்குபடுத்தியிருக்கிறது. பச்சை மீன் பரிமாறுவதில்லை, எல்லாம் அடுப்பில் ஏறியதுதான். பத்துப் பேருக்கு மேல் உட்கார இடம் இருக்காது. ஆளுக்கு ஒன்றாவது வாங்குங்கள், ஒரு ராமென் நூடுல்ஸ் வாங்கி மூன்று பேர் பகிர்ந்துகொண்டு மூன்று இருக்கையைப் பிடிக்காதீர்கள். பெரிய பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெளியே ஆள் நின்றால் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். கழிப்பறைக்கு முன்கூட்டியே போய்விடுங்கள், கடையில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தானாகவே பேச்சுக் கொடுப்பார். ஜப்பானில் அந்நியரோடு எளிதாகப் பேச வாய்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று, விட்டுவிடாதீர்கள்.

ஒசாகாவின் ஷின்செக்காய்ப் பகுதியில் குஷிகாத்சு (குச்சியில் குத்திப் பொரித்தது) சாப்பிட்டால், பொதுச் சாஸ் தொட்டியில் ஒரு முறைதான் முக்கலாம், கடித்த பிறகு மறுபடி முக்கவே கூடாது. சாஸ் போதவில்லை என்றால் இலவசமாக வைத்திருக்கும் முட்டைக்கோஸ் இலையால் மொண்டு மேலே ஊற்றிக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் ஊற்றும் புட்டிக்கு மாறிவிட்டன, எனக்கு அதில் நிம்மதிதான்.

2025 ஜனவரி 3

முதல் கேள்வி கேட்ட வாசகர் ஊர் திரும்பிச் செய்தி அனுப்பியிருக்கிறார். மாமியார் யாக்கி இமோ வண்டியின் பின்னாலேயே போய் வாங்கினாராம். பையன் நாராவில் மானைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் பைக்குள் ஒளித்துக்கொண்டானாம். மிக்க மகிழ்ச்சி.

புத்தாண்டுக் கோயில் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு. கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போகும் வழிநெடுகக் கடைகள். வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தோரி வாயிலைத் தாண்டுங்கள், சன்னிதிக்கு முன்னால் மெல்லாதீர்கள். குளிருக்கு அமஸாக்கே என்ற சூடான அரிசிப் பானம் கிடைக்கும். கோஜி என்ற பூஞ்சை ஏற்றிய அரிசியில் செய்தது என்றால் மது இல்லை, சாக்கே என்ற அரிசி மதுவை வடித்த சக்கையில் செய்தது என்றால் சிறிது இருக்கலாம். குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

மது என்றதும் இன்னொன்று. ஜப்பானில் பொது இடத்தில் குடிப்பது பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. ஆனால் டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தைச் சுற்றி 2024 அக்டோபர் முதல் ஆண்டு முழுவதும், மாலை 6 மணியிலிருந்து காலை 5 மணி வரை தெருவில் குடிக்கத் தடை.

2025 மார்ச் 30

செர்ரி மலர்க் காலம். பூங்காவில் விரிப்பு போட்டுச் சாப்பிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் எல்லோரும் போகிறார்கள், தயக்கமே வேண்டாம். டோக்கியோவின் உவேனோ பூங்காவில் விரிப்போடு விரிப்பு ஒட்டிக் கிடக்கும். ஷின்ஜுகு கியோயன் தோட்டத்தில் சாப்பாடு கொண்டுபோகலாம், மது கொண்டுபோகக் கூடாது, வாசலில் பையைப் பார்ப்பார்கள். விரிப்பில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுங்கள். அடுத்தவர் விரிப்பை மிதித்துக் குறுக்கே போகாதீர்கள். மரத்தின் வேர்மேல் விரிக்காதீர்கள், கிளையை இழுத்துப் படம் எடுக்காதீர்கள். குழம்பும் எண்ணெயும் உள்ள மிச்சத்தை மண்ணில் கொட்ட வேண்டாம். மூடியுள்ள டப்பா ஒன்றும் இரண்டு பைகளும் எடுத்துப்போங்கள், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காகிதத்துக்கு. வெளியே தொட்டி நிரம்பி வழிந்தால் அதன்மேல் இன்னொன்றை அடுக்காமல் விடுதிக்கே கொண்டுவந்துவிடுங்கள். விடிந்ததும் காக்கைகள் அந்தக் குவியலைக் கிழித்துப் பூங்கா முழுக்க இறைத்துவிடும்.